மழைக்காலத்தில் குதிரையின் தோல்: அறிகுறியிலிருந்து காரணத்துக்கு

தமிழ்நாட்டில் குதிரை வளர்ப்போர் இரண்டு பருவமழைகளையும் கணக்கில் கொள்ள வேண்டியிருக்கிறது. நீலகிரியில் ஜூன் மாதமே ஈரம் தொடங்கிவிடுகிறது; கடற்கரை மாவட்டங்களில் அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை பெய்கிறது. கொடைக்கானலிலும் உதகையிலும் தூறலில் சேணத்துடன் சாலையோரம் நிற்கும் மட்டக்குதிரைகள், சென்னை மெரினாவில் சவாரிக்கு நிற்பவை, ரேக்ளாப் பந்தயத்துக்காக வளர்க்கப்படுபவை, வறண்ட ராஜஸ்தானிலிருந்து வாங்கி வரப்பட்டு ஈரக்காற்றில் கட்டப்படும் மார்வாரிகள் என எல்லாவற்றுக்கும் இந்த மாதங்களில் தோல்நோய் வருகிறது. ஆனால் எல்லாவற்றுக்கும் வருவது ஒரே நோய் அன்று. பார்வைக்கு ஒன்றுபோலத் தோன்றும் ஏழெட்டு நோய்களுக்கும் ஒரே களிம்பைப் பூசுவதால்தான் எளிதில் ஆறக்கூடிய புண்ணும் மாதக்கணக்கில் நீடிக்கிறது.

தோலின் மேலடுக்கு உலர்ந்திருக்கும்வரை பெரும்பாலான கிருமிகளால் அதைக் கடக்க இயலாது. நாள் முழுவதும் ஊறிய தோல் மென்மையாகி, சேற்று மணலோ சேணத்தின் விளிம்போ உரசும் இடத்தில் கண்ணுக்குத் தெரியாத கீறல்களைப் பெறுகிறது. ஏற்கெனவே தோலின்மேல் காத்திருந்த கிருமி அந்தக் கீறல்களின் வழியே உள்ளே நுழைகிறது. ஆகவே கீழே சொல்லப்படும் நோய்களில் பெரும்பாலானவற்றுக்கு முதல் மருந்து உலர்வு, இரண்டாவது சுத்தம், மூன்றாவதுதான் கடையில் வாங்கும் மருந்து. இந்த வரிசையைத் தலைகீழாக்கி, நனைந்த கொட்டிலிலேயே குதிரையைக் கட்டிவைத்துக்கொண்டு விலை உயர்ந்த மருந்தைத் தேடுவது பணத்தை வீணாக்குவதாகும்.

எந்த மருந்தையும் எடுப்பதற்கு முன்

குதிரையைப் பகல் வெளிச்சத்தில் நிறுத்தி, கையுறை அணிந்து, மயிர் படிந்திருக்கும் திசைக்கு எதிராக விரல்களை ஓட்டிப் பாருங்கள். நீண்ட மயிருள்ள குதிரையில் பொருக்கு கண்ணில் படுவதற்குச் சில நாட்கள் முன்பாகவே விரலில் தட்டுப்படும். கையுறை வெறும் சம்பிரதாயம் அன்று; கீழே வரும் நோய்களில் மூன்று மனிதருக்கும் தொற்றக்கூடியவை. பின்னர் சில கேள்விகளுக்கு விடை காண வேண்டும். கோளாறு உடலின் எந்தப் பகுதியில் இருக்கிறது? குதிரை அரிப்பால் உராய்கிறதா, அல்லது தொட்டால் வலியால் விலகுகிறதா? வெள்ளைத் தோல் உள்ள இடத்தில் மட்டும் இருக்கிறதா, கருந்தோலிலும் இருக்கிறதா? பக்கத்துக் குதிரைக்கோ பராமரிப்பவருக்கோ அதே கோளாறு உண்டா? கடைசியாக ஆசனவாயில் வெப்பமானியை வைத்து உடல் வெப்பத்தைப் பாருங்கள். ஓய்விலிருக்கும் வளர்ந்த குதிரைக்கு 99 முதல் 101.5 டிகிரி பாரன்ஹீட் வரை இயல்பு. அதைத் தாண்டியிருந்தால், அல்லது குதிரை நொண்டினால், அல்லது தீவனத்தை ஒதுக்கினால், அது தோலோடு நிற்கும் நோயாக இராது; கால்நடை மருத்துவரை அழைப்பதே அடுத்த படி. தமிழ்நாட்டில் 1962 என்ற கட்டணமில்லா எண்ணில் நடமாடும் கால்நடை மருத்துவ ஊர்தியை அழைக்கலாம்.

முதுகிலும் பிட்டத்திலும் மயிர் கொத்துக் கொத்தாக நிமிர்ந்து நிற்கிறது

மழைநீர் விழுந்து வழியும் பாதையிலேயே, அதாவது முதுகுத்தண்டை ஒட்டியும் பிட்டத்தின் மேலும் விலாவில் நீர் ஓடிய கோடுகளிலும், சிறு சிறு மேடுகள் தட்டுப்படுகின்றனவா? ஒரு கொத்தை மெல்ல இழுத்தால் மயிரும் அதன் அடியில் ஒட்டிய பொருக்கும் சேர்ந்து, சாயம் காய்ந்த தூரிகை போலக் கையோடு வருகிறதா? பொருக்கின் அடிப்பக்கம் குழிந்தும், அது இருந்த இடம் செந்நிறமாக, புதிய புண்ணாயின் மஞ்சள் அல்லது பச்சை கலந்த சீழுடன் ஈரமாகவும் இருக்கிறதா? இவை அனைத்துக்கும் விடை ஆம் என்றால், டெர்மட்டோபிலஸ் காங்கோலென்சிஸ் என்ற பாக்டீரியாவே பெரும்பாலும் காரணம். 1915-இல் அன்றைய பெல்ஜியக் காங்கோவில் மாடுகளில் இது முதலில் விவரிக்கப்பட்டது. பெயரும் அதிலிருந்தே வந்தது. இழை இழையாகக் கிளைத்து வளர்வதால் இதைப் பூஞ்சை என்று தவறாக எண்ணிப் பூஞ்சைக் களிம்பு பூசுவோர் பலர். அது பயன் தராது.

இந்தக் கிருமியின் போக்கைப் புரிந்துகொண்டால் சிகிச்சை தானே விளங்கும். உலர்ந்த பொருக்கினுள் இது உறங்கிக் கிடக்கிறது. ஈரம் பட்டதும் நீந்தும் ஆற்றலுள்ள நுண்வித்துகளை வெளியிடுகிறது. அவை தோலின் மேலுள்ள நீர்ப்படலத்தில் நகர்ந்து அடுத்த கீறலைத் தேடிச் செல்கின்றன. நீர்ப்படலம் இல்லையென்றால் நகர்வும் இல்லை. நல்ல உடல்நிலையிலுள்ள குதிரையைச் சில வாரங்கள் உலர்வாக வைத்திருந்தாலே, வேறு மருந்தின்றியும் பல புண்கள் ஆறிவிடுவதற்கு இதுவே காரணம். மருந்து அந்தக் காலத்தைச் சுருக்குகிறது.

குதிரையைக் கூரையின் கீழ் கொண்டுவந்து, பாதித்த பகுதியில் மயிர் நீளமாக இருந்தால் கத்தரித்துக் குறைத்து, 2 முதல் 4 சதவீதக் குளோர்ஹெக்சிடின் ஷாம்பு அல்லது போவிடோன் அயோடின் ஷாம்பு கொண்டு நுரைக்கத் தேய்த்துப் பத்து நிமிடம் விட்டுவிடுங்கள். அந்தப் பத்து நிமிடம்தான் சிகிச்சை. நுரைத்த கையோடு நீரூற்றிக் கழுவிவிட்டால் கிருமிக்கு எதுவும் நேராது. அதற்குள் பொருக்குகளும் இளகிவிடும்; எளிதில் வருபவற்றை மட்டும் எடுங்கள். எல்லாப் பொருக்கையும் அன்றே பிய்த்துவிட வேண்டும் என்று கூறுவோரும் உண்டு. வலியால் துள்ளும் குதிரையை நான்கு பேர் பிடித்துக்கொள்ள, குருதி கசியும்வரை பிய்ப்பதில் எனக்கு உடன்பாடில்லை. இன்று வராதது நாளையோ மறுநாளோ வரும், புதிய காயம் புதிய வாசலாகத்தான் ஆகும். எடுத்த பொருக்குகளைத் தரையில் உதிர விடாமல் திரட்டி எரித்துவிட வேண்டும், ஏனெனில் அவற்றினுள் கிருமி மாதக்கணக்கில் உயிருடன் இருக்கும். கழுவியபின் சுத்தமான பருத்தித் துணியால் ஒற்றி, மின்விசிறிக் காற்றிலோ வெயிலிலோ முற்றிலும் உலர்த்துங்கள். ஒரு வாரம் நாள்தோறும், பிறகு வாரம் இருமுறை என்ற அளவே போதுமானது. அதற்கு மேல் கழுவினால் நாமே மழையாகிவிடுகிறோம்.

எண்ணெய் பற்றிக் கட்டாயம் சொல்ல வேண்டும். வேப்பெண்ணெயும் தேங்காயெண்ணெயும் மஞ்சளும் நம் வீடுகளில் கைக்கு முதலில் வருபவை. வேப்பெண்ணெய் ஈக்களை ஓரளவு விலக்கும் என்பது உண்மை. ஆனால் ஈரமான, பொருக்கு மூடிய தோலின்மேல் தடிப்பாக எண்ணெய் பூசும்போது ஈரம் உள்ளேயே அடைபடுகிறது; காற்று குறைந்த சூழலையே இந்தக் கிருமி விரும்புகிறது. மண்ணெண்ணெயும் வண்டியிலிருந்து வடித்த பழைய எஞ்சின் எண்ணெயும் தோலையே வெந்துபோகச் செய்யும். அவற்றை எந்த நிலையிலும் பூசக்கூடாது. நனைந்த குதிரையைத் தார்ப்பாயால் போர்த்துவதும் இதே தவறுதான். நம் வெப்பநிலையில் பிளாஸ்டிக்கின் அடியில் ஊறும் வியர்வை மழையைவிடக் கேடு செய்யும்.

முதுகில் புண் இருக்கும்வரை சேணம் வைக்கக்கூடாது. சுற்றுலாப் பருவத்தில் இது வருமான இழப்பு என்பது தெரிந்ததே. ஆயினும் ஈரச் சேணத்துணி உரசிய முதுகு சில வாரப் புண்ணைப் பல மாதப் புண்ணாக மாற்றிவிடும். உடல் முழுவதும் பரவியிருந்தாலோ காய்ச்சல் இருந்தாலோ மருத்துவர் பெனிசிலின் ஊசியைத் தொடர்ச்சியாகச் சில நாட்கள் போடுவார். ஐயம் இருந்தால் ஒரு பொருக்கை உலர்ந்த காகித உறையில் வைத்து அவரிடம் கொடுங்கள். ஜீம்சாச் சாயமிட்டு நுண்ணோக்கியில் பார்த்தால், இணை இணையாக அடுக்கிய தண்டவாளம் போன்ற கிருமி வரிசையைக் கண்டு உறுதி செய்துவிடலாம்.

கணுக்காலுக்குக் கீழே, குளம்புக்கு மேலுள்ள மடிப்பில் வெடிப்பும் பொருக்கும்

வயலில் வேலை செய்வோரின் கால்விரல் இடுக்கில் வரும் சேற்றுப்புண்ணைப் போலவே, சேற்றில் நிற்கும் குதிரையின் காலில் பின்புற மடிப்பு சிவந்து, வெடித்து, கசிந்து, பொருக்குத் தட்டுகிறது. வெள்ளைக்கால் குதிரைகளிலும், குளம்பை மூடும் அளவுக்குக் காலில் மயிர் வளர்ந்தவற்றிலும், பின்னங்கால்களிலும் இது கூடுதலாகக் காணப்படும். முதுகுப் பொருக்கை உண்டாக்கும் அதே கிருமி இங்கும் இருக்கலாம். ஸ்டாபிலோகாக்கஸ் வகைப் பாக்டீரியா இருக்கலாம். இரண்டும் சேர்ந்தும் இருக்கலாம். உண்மையில் இது ஒரே நோய் அன்று, ஒரே இடத்தில் வந்து சேரும் பல நோய்களின் பொதுத் தோற்றம். ஆகவேதான் ஒருவருக்குப் பலித்த மருந்து மற்றவருக்குப் பலிப்பதில்லை.

நல்ல எண்ணத்தோடு செய்யப்படும் ஒரு பழக்கமே இங்கு முதன்மையான எதிரி: மாலையில் திரும்பியதும் குழாயை முழு வேகத்தில் திறந்து நான்கு கால்களின் சேற்றையும் அடித்துக் கழுவி, ஈரக்காலோடு இரவு முழுவதும் கட்டிவைப்பது. வேகமான நீர் மணல்துகளை ஊறிய தோலுக்குள் செலுத்துகிறது. இரவின் ஈரம் மீதியைச் செய்கிறது. சேற்றை உலர விட்டு, காலையில் மென்மையான பிரஷால் தட்டி உதிர்ப்பது மேல். கழுவித்தான் ஆக வேண்டுமென்றால் மெதுவாக ஓடும் நீரில் கழுவி, மடிப்புக்குள் விரல்விட்டுத் துணியால் ஒற்றி, ஈரம் அறவே இல்லை என்று உறுதி செய்துகொள்ளுங்கள்.

சிகிச்சை முதுகுப் பொருக்குக்குச் சொன்னதே. மயிரைக் கத்தரித்து, குளோர்ஹெக்சிடினால் இளக்கி, எடுக்க வருவதை எடுத்து, உலர்த்த வேண்டும். திறந்த வெடிப்பில் ஷாம்புவை விட்டுவைக்காமல், சோப்பு கலக்காத குளோர்ஹெக்சிடின் கரைசலை 0.05 சதவீதமாக நீர்த்துப் பயன்படுத்த வேண்டும். 5 சதவீதக் கரைசலானால் ஒரு லிட்டர் கொதித்தாறிய நீருக்கு 10 மில்லி லிட்டர். முற்றிலும் உலர்ந்தபின் துத்தநாக ஆக்சைடு களிம்பை மெல்லியதாகப் பூசலாம். ஆறிய தோலை அடுத்த சேற்றிலிருந்து காப்பதே களிம்பின் வேலை. கசியும் புண்ணை மூடுவது அன்று.

இரண்டு வாரம் ஒழுங்காகச் செய்தும் மாற்றமில்லையென்றால் உங்கள் கணிப்பு தவறாக இருக்கலாம். இரவில் குதிரை காலைத் தரையில் ஓயாமல் உதைத்து, பல்லால் காலைக் கடித்துக்கொண்டால், அது காலில் வாழும் கோரியோப்டிஸ் என்ற உண்ணிப்பூச்சியாக இருக்கலாம். தோலைச் சுரண்டி நுண்ணோக்கியில் பார்த்தால் தெரிந்துவிடும். மாட்டு உண்ணிக்குத் தெளிக்கும் அமித்ராஸ் வீட்டில் இருக்கிறதே என்று அதை எடுத்துவிடாதீர்கள். அது குதிரையின் குடல் இயக்கத்தை முடக்கிப் பெருங்குடல் அடைப்பை உண்டாக்கக்கூடிய மருந்து. மாட்டுக்கு ஆகும் மருந்து குதிரைக்கும் ஆகும் என்ற எண்ணம் தோல்நோயைவிடப் பல மடங்கு ஆபத்தானது. மாறாக, வெள்ளைத் தோலில் மட்டும் புண் இருந்து, கருந்தோலின் எல்லையில் கோடு போட்டாற்போல நின்று, அரிப்பின்றிக் கடும் வலி மட்டும் இருந்தால், மழையை விட்டுவிட்டு வெயிலை நினைக்க வேண்டும்: ஒளியால் தூண்டப்படும் குருதிநாள அழற்சியாகவோ, கல்லீரல் கெட்டதால் தோல் ஒளியைத் தாங்காத நிலையாகவோ இருக்கலாம். முகத்தின் வெள்ளைப் பட்டையிலும் அதே புண் இருந்தால் கல்லீரலுக்கான குருதிப் பரிசோதனை அவசியம்.

கால் முழுவதும் தூண்போல வீங்கிவிட்டது

நேற்று மடிப்பில் சிறு வெடிப்பு. இன்று முழங்கால்வரை வீக்கம், சூடு, அழுத்தினால் வலி, காலை ஊன்ற மறுப்பு. தோலடித் திசுவுக்குள் தொற்று இறங்கிவிட்டது. இதற்கு வீட்டு வைத்தியம் எதுவும் இல்லை. அன்றே மருத்துவர் வர வேண்டும். வீக்கம் இன்றித் திடீரென்று மூன்று காலில் நொண்டினால் குளம்புக்குள் சீழ் கட்டியிருக்கலாம். மழையில் இளகிய குளம்பில் அது வழக்கமே. எந்தப் புண்ணாக இருந்தாலும் டெட்டனஸ் தடுப்பூசி நடப்பில் உள்ளதா என்று பாருங்கள். வீட்டு விலங்குகளில் குதிரையைப் போல டெட்டனஸுக்கு எளிதில் பலியாவது வேறில்லை.

குளம்பைத் தூக்கினால் நாற்றம்

குளம்பின் அடியில் முக்கோண வடிவில் ரப்பர்போல இருக்கும் மெத்தையின் இருபுறப் பள்ளங்களிலும் நடுப்பள்ளத்திலும் கருநிறக் கசிவும், ஒருமுறை முகர்ந்தால் மறக்க முடியாத அழுகல் நாற்றமும் இருந்தால், காற்றில்லாத இடத்தில் வளரும் பியூசோபாக்டீரியம் போன்ற பாக்டீரியாக்களால் வரும் அழுகல் அது. குளம்பு சுரண்டும் கொக்கியால் நாள்தோறும் பள்ளங்களைச் சுத்தம் செய்து, லாடம் அடிப்பவரைக் கொண்டு பிய்ந்து தொங்கும் பகுதியைச் சீவி, போவிடோன் அயோடினில் நனைத்துப் பிழிந்த பஞ்சைப் பள்ளத்தில் செருகி நாள்தோறும் மாற்றுங்கள். மயில்துத்தத்தைத் தூளாகவே திணிக்கும் வழக்கம் உயிருள்ள திசுவையும் அரித்துவிடும், கைவிடுவது நல்லது. நடுப்பள்ளம் குதிகால் மயிர்க்கோடுவரை பிளந்திருந்தாலும், சுரண்டும்போது குருதி வந்தாலும் மருத்துவர் பார்க்க வேண்டும். இவை எல்லாவற்றையும் செய்துவிட்டு மூத்திரம் ஊறிய வைக்கோலின்மேலேயே குதிரையை நிறுத்தினால் அழுகல் திரும்பிவிடும்.

வட்ட வட்டமாக மயிர் உதிர்கிறது

சேணத்தின் வயிற்று வார் படும் இடம், தோள், முகம் ஆகிய இடங்களில் நாணய அளவில் மயிர் குட்டையாக முறிந்து, சாம்பல் நிறச் செதிலுடன் வட்டங்கள் தோன்றினால் படர்தாமரையை எண்ணுங்கள். இது உண்மையான பூஞ்சை. குதிரைகளில் பெரும்பாலும் டிரைக்கோபைட்டான் எக்வினம். தொற்றியபின் ஒன்று முதல் நான்கு வாரம் கழித்தே வட்டம் தெரியும் என்பதால், ஒரு குதிரையில் காணும்போது அதே சேணத்துணியைப் பகிர்ந்த மற்றவற்றிலும் அது ஏற்கெனவே இருக்கக்கூடும். பராமரிப்பவரின் முன்கையில் சிவந்த வளையம் இருக்கிறதா என்று பாருங்கள். நோய் கண்டறிவதில் அது நல்ல சான்று.

இளங்குதிரைகளில் இது அதிகம். இரண்டு மூன்று மாதத்தில் தானாகவே மறையும். ஆனால் அதுவரை பரப்பிக்கொண்டே இருக்கும் என்பதால் சிகிச்சை தேவைப்படுகிறது. மைக்கனசோலும் குளோர்ஹெக்சிடினும் கலந்த ஷாம்புவை வாரம் இருமுறை, முன்போலவே பத்து நிமிடம் விட்டுக் கழுவலாம். வட்டத்தை மட்டும் கழுவாமல் உடல் முழுவதும் கழுவ வேண்டும். இங்கு மயிரைக் கத்தரிக்காதீர்கள். கத்தரித்த மயிர் பறந்து வித்துகளைப் பரப்பும். மருந்துக் கடைகளில் சீட்டின்றிக் கிடைக்கும், குளோபெட்டசால் போன்ற ஸ்டீராய்டு கலந்த படர்தாமரைக் களிம்புகளைத் தவிர்க்க வேண்டும். சிவப்பு சில நாளில் அடங்குவதுபோலத் தோன்றும். அடியில் பூஞ்சை பரவும். மனிதர்களிடமே இந்தக் களிம்புகள் நம் நாட்டில் என்ன செய்திருக்கின்றன என்பதைத் தோல் மருத்துவர் எவரும் சொல்வார்.

துணிகளைக் கொதிநீரில் துவைத்து வெயிலில் காயவைக்கலாம். பிரஷ்களையும் பிளாஸ்டிக் வாளிகளையும் நீர்த்த பிளீச்சில் ஊறவைக்கலாம். தோல் சேணத்துக்குப் பிளீச் ஆகாது. பூஞ்சைக்கொல்லிக் கரைசலால் துடைத்துக் காயவைக்க வேண்டும். குதிரைக்கொரு பிரஷ், குதிரைக்கொரு சேணத்துணி என்பது செலவு பிடிக்கும் ஏற்பாடுதான். ஆனால் ஐந்து குதிரைக்கு ஷாம்பு வாங்கும் செலவை ஒப்பிட்டால் அது குறைவு.

பிடரியையும் வால் அடியையும் ஓயாமல் உராய்கிறது

பொருக்கு இல்லை, நாற்றம் இல்லை. ஆனால் குதிரை கம்பத்திலும் சுவரிலும் பிடரியைத் தேய்த்துத் தேய்த்து மயிர் முறிந்து, வாலின் அடி எலிவால்போல ஆகி, வயிற்றின் நடுக்கோட்டிலும் புண் இருந்தால், ஈரம் நேரடிக் காரணம் அன்று. சேற்றிலும் சாணி கலந்த வடிகாலிலும் பெருகும் கியூலிகாய்டிஸ் என்ற கடுகளவுக்கும் சிறிய கொசுகின் கடிக்கு ஒவ்வாமை கொண்ட குதிரை அது. பத்துக் குதிரைகளை ஒரே லாயத்தில் கட்டினாலும் ஒன்றிரண்டுக்கு மட்டுமே இது வரும். வந்தது ஆண்டுதோறும் அதே பருவத்தில் வரும்.

இந்தக் கொசுகு அந்தியிலும் விடியலிலும்தான் மிகுதியாகக் கடிக்கும். பறக்கும் வலிமையும் குறைவு. ஆகவே அந்த இரு வேளையிலும் குதிரையை உள்ளே கட்டி, ஒரு பெரிய மின்விசிறியை அதன்மேல் ஓடவிடுவது கடையில் விற்கும் பல தெளிப்புகளைவிடப் பயன் தரும். சாதாரணக் கொசுவலையின் கண் இதற்குப் பெரிது. மிக நுண்ணிய வலை வேண்டும். பெர்மெத்ரின் தெளிப்பை அளவறிந்து பயன்படுத்தலாம், ஆனால் லாயத்தில் பூனை இருந்தால் அதற்கு அது நஞ்சு. அரிப்பு அடங்காவிட்டால் மருத்துவர் ஸ்டீராய்டு தருவார். சில குதிரைகளில் அது குளம்பழற்சியைத் தூண்டக்கூடும் என்பதால் நாமாக ஊசி போடும் மருந்து அன்று.

புண் ஆறவில்லை, வளர்கிறது

மழைக்கால நோய்களில் மிகுந்த அச்சம் கொள்ள வேண்டியது இது. குட்டையிலோ நீர் தேங்கிய வயலிலோ நின்ற குதிரையின் காலில், அடிவயிற்றில், அல்லது மார்பில் ஒரு சிறு காயம். ஒரு வாரத்தில் அது ஆறுவதற்கு மாறாகத் தடித்து, இரண்டு மூன்று வாரத்தில் உள்ளங்கை அளவைத் தாண்டி, ஒழுகும் சதைத்திரளாகிறது. கசிவு குருதி கலந்து நூல்போல நீண்டு தொங்கும். குதிரை அந்த இடத்தைத் தானே கடிக்கும் அளவுக்கு அரிப்பு இருக்கும். சதைக்குள் பவழத்துண்டு போன்ற, மஞ்சள் கலந்த சாம்பல் நிறக் கெட்டித் துணுக்குகள் கையில் தட்டுப்பட்டால், பித்தியோசிஸ் என்ற நோயாக இருக்க வாய்ப்பு மிகுதி. தாய்லாந்து, பிரேசிலின் பாண்டனால் சதுப்புநிலம், அமெரிக்காவின் தென்கடற்கரை மாநிலங்கள் ஆகியவற்றில் நன்கு அறியப்பட்ட இந்த நோய் இந்தியாவுக்கும் புதிதன்று. பத்தொன்பதாம் நூற்றாண்டில் இங்கு பணியாற்றிய ஆங்கிலேயப் படைக் குதிரை மருத்துவர்கள் மழையோடு வரும் ஆறாப் புண்களை பர்சாத்தி என்ற பெயரில் எழுதி வைத்தார்கள்.

இதை உண்டாக்கும் பித்தியம் இன்சிடியோசம் பூஞ்சைபோல வளர்ந்தாலும் பூஞ்சை அன்று; நீர்ப்பாசி வகைகளுக்கு நெருங்கிய உயிரி. அதன் செல்சவ்வில் எர்கோஸ்டெரால் இல்லை. பூஞ்சை மருந்துகளில் பல தாக்குவது அந்தப் பொருளையே என்பதால் அவை இங்கு பெரும்பாலும் தோற்கின்றன. திரள் சிறிதாக இருக்கும்போதே சுற்றியுள்ள நல்ல திசுவோடு சேர்த்து அறுத்தெடுப்பதுதான் முதன்மையான வழி. இரண்டு மாதம் கடந்தபின், எலும்போ மூட்டோ பாதித்தபின், பிழைக்கும் வாய்ப்பு வெகுவாகக் குறைகிறது. "இன்னும் ஒரு வாரம் பார்ப்போம்" என்று இந்த ஒரு நோயில் மட்டும் சொல்லக்கூடாது. ஒரு குதிரையிலிருந்து மற்றொன்றுக்கு இது நேரடியாகத் தொற்றுவதில்லை. ஆனால் அதே குட்டை மற்றவற்றையும் தொற்றவைக்கக்கூடும்.

ஈக்கள் புண்ணில் விட்டுச்செல்லும் ஹப்ரோனிமா புழுவின் இளவுயிரிகளாலும் ஏறக்குறைய இதே தோற்றத்தில், ஆனால் அரிசி அளவிலான சிறு துணுக்குகளுடன் புண் உண்டாகும். அது ஐவர்மெக்டினுக்குக் கட்டுப்படும்; வாய்வழிப் பசையாகக் கொடுக்க வேண்டும், மாட்டுக்கான ஊசியைக் குதிரைக்குப் போடலாகாது. இரண்டையும் கண்ணால் பிரித்தறிவது அனுபவமுள்ள மருத்துவருக்கே கடினம். புண்ணிலிருந்து ஒரு துண்டெடுத்துத் திசுப் பரிசோதனை செய்வதே வழி. தமிழ்நாட்டில் வேப்பேரியிலுள்ள சென்னைக் கால்நடை மருத்துவக் கல்லூரியும் நாமக்கல்லில் உள்ள கல்லூரியும் இத்தகைய குதிரைகளைக் கொண்டுசெல்லத்தக்க இடங்கள்.

கயிற்றில் கோத்தாற்போலக் கட்டிகள்

காலின் உட்புறத்தில், பெரும்பாலும் பின்னங்காலில், தோலடியில் கயிறுபோலத் தடித்த கோடும் அதன் நெடுகக் கட்டிகளும் தோன்றி, அவை உடைந்து தேன்போன்ற பிசுபிசுப்பான சீழ் வடிந்தால், இதுவரை சொன்ன எதையும் செய்யாதீர்கள். கழுவாதீர்கள், வெறுங்கையால் தொடாதீர்கள், குதிரையை வேறிடத்துக்கு நகர்த்தாதீர்கள். பூஞ்சையால் வரும் நிணநீர்நாள அழற்சியாகவும் இருக்கலாம். கிளாண்டர்ஸ் நோயாகவும் இருக்கலாம். மூக்கில் ஒட்டும் சளியும், மூக்கினுள் புண்ணும், காய்ச்சலும் சேர்ந்தால் ஐயம் வலுக்கிறது. பர்க்ஹோல்டீரியா மேல்லி என்ற பாக்டீரியாவால் வரும் இந்நோய் மனிதருக்குத் தொற்றி உயிரையும் எடுக்கக்கூடியது. விலங்குகளின் தொற்றுநோய்த் தடுப்புக்கான 2009-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அரசுக்கு அறிவித்தே ஆக வேண்டிய நோய் இது. அரசுக் கால்நடை மருத்துவர் குருதி மாதிரி எடுத்து ஹிசாரிலுள்ள தேசியக் குதிரைகள் ஆராய்ச்சி மையத்துக்கு அனுப்ப ஏற்பாடு செய்வார். உறுதியானால் குதிரையைக் கருணைக்கொலை செய்வதே விதி. உரிமையாளருக்கு இழப்பீடு உண்டு. கட்டியை மறைத்து விற்றுவிடலாம் என்று எண்ணுவது வாங்குபவரின் உயிரோடு விளையாடுவதாகும்.

ஆறுகிறது, அடுத்த மழையில் திரும்புகிறது

முதலில் கொட்டிலைப் பாருங்கள். தரை சரிவாக இருக்கிறதா, நீர் வெளியேறுகிறதா, மழைச்சாரல் படாமல் குதிரை படுக்க ஒரு மேடான உலர்ந்த இடமாவது உண்டா? படுக்கைக்கு மரத்தூளோ உமியோ போட்டால் ஈரமானதை நாள்தோறும் அள்ளி மாற்ற வேண்டும். மேய்ச்சலிடத்தின் வாயிற்பகுதியிலும் தண்ணீர்த் தொட்டியைச் சுற்றியும்தான் சேறு ஆழமாகும். அங்கு மட்டும் கருங்கல் ஜல்லியும் மணலும் கொட்டினாலே பாதிச் சிக்கல் குறையும்.

கொட்டில் சரியாக இருந்தும் திரும்பினால் குதிரையைப் பாருங்கள். விலா எலும்பு எண்ணும்படி மெலிந்த குதிரையும், குடற்புழு மிகுந்ததும், வைக்கோலை மட்டும் தின்று செம்பும் துத்தநாகமும் குறைந்ததும் தோலைக் காத்துக்கொள்ள இயலாதவை. தாது உப்புக் கலவையும் புழுநீக்கமும் இங்கு எந்தக் களிம்பையும்விட மேலானவை. பதினைந்து வயதைக் கடந்த குதிரைக்குக் கோடையிலும் மயிர் நீளமாகவே இருந்து, நீரை மிகுதியாகக் குடித்து, தோல்நோயும் ஓயாமல் வந்தால், மூளையடிச் சுரப்பிக் கோளாறு இருக்கலாம். அதற்குத் தனிப் பரிசோதனை உண்டு.

குதிரையும் நன்றாக இருந்தால் புதிதாக வந்தது எது என்று கேளுங்கள். ஆடி மாதத்தில் அந்தியூர் குருநாதசுவாமி கோயில் திருவிழாச் சந்தையில் குதிரை வாங்கி வருவோர், மழை தொடங்குமுன்பே அதைப் பழைய குதிரைகளுக்கு நடுவில் கட்டிவிடுகிறார்கள். வரும் குதிரையை நான்கு வாரம் தனிக் கொட்டிலில், தனி வாளியும் தனிப் பிரஷும் கொடுத்துக் கட்டிவையுங்கள். வாங்குவதற்கு முன்பே கிளாண்டர்ஸ் பரிசோதனைச் சான்றைக் கேளுங்கள். சான்று காட்டத் தயங்கும் விற்பனையாளரிடம், குதிரை எத்தனை அழகாக இருந்தாலும், முன்பணம் கொடுக்க வேண்டாம்.